அப்புத்தளையில் பிரியும் தண்ணீர்

அப்புத்தளை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பனிமூட்டமும் தேயிலை மலைகளும்தான். பதுளை மாவட்டத்தின் தென் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தில், ஒரு மலைமுகட்டின் மேல் ஒடுங்கி அமைந்திருக்கும் சிறு நகரம் இது. சுற்றுலா வருவோர் தம்பேதன்னைத் தோட்டத்தில் உள்ள லிப்டன் இருக்கையைப் பார்ப்பார்கள். 1890இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையைப் பார்ப்பார்கள். அடிசம் மாளிகையில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

நாங்கள் போனது தண்ணீரைப் பார்ப்பதற்காக.

இந்த ஊருக்கு ஒரு விசேடம் உண்டு. நகரத்தின் தெருவில் நின்றால், ஒரு பக்கம் நிலம் வடக்கே பண்டாரவளை, வெலிமடைப் பக்கமாகச் சரிகிறது. மறு பக்கம் தெற்கே செங்குத்தாக இறங்கிச் சமவெளியைத் தொடுகிறது. வானம் தெளிந்த நாட்களில் தென்கரைக் கடலும் தெரியும் என்கிறார்கள். வடக்குச் சரிவில் விழும் மழை சிற்றாறுகளாகி உமா ஓயாவில் சேர்ந்து, ரந்தம்பைப் பக்கம் மகாவலியில் கலந்து, திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியாரக்குடாவுக்கும் வெருகலுக்கும் வருகிறது. தெற்குச் சரிவில் விழும் மழை வளவை கங்கைக்கும் கிரிந்தி ஓயாவுக்கும் போய் அம்பாந்தோட்டைக் கடலில் விழுகிறது. ஒரே முகில் பொழிந்த மழை, ஒரு கூரையின் இரண்டு தாழ்வாரங்களில் வடிவதுபோல், நாட்டின் இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போகிறது.

ஏன் இந்தப் பயணம்?

வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளில் எமது மாதர் குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. "ஆனி, ஆடி வந்தா எங்கட கிணறு சவர் அடிக்குது அக்கா. சோறு வடிக்கேலாது, பிள்ளைகள் குடிக்குதுகள் இல்ல. மலையில தண்ணியை மற்றப் பக்கம் திருப்பிட்டாங்களாம். அதாலதானா?" என்று கேட்டார்கள். கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலானோர் போரில் கணவரை இழந்தவர்கள். ஒரு நாளின் இரண்டு மணித்தியாலத்தைத் தண்ணீர் தேடுவதிலேயே செலவழிப்பவர்கள். பவுசர் வராத நாட்களில் குடிநீரை விலைக்கு வாங்குபவர்கள். அவர்களுக்கு வெறும் வாயால் பதில் சொல்வதை விட, ஆறு தொடங்கும் இடத்தைக் காட்டுவதே நல்லது என்று தோன்றியது.

2025 ஆடி மாதத்தில் 14 பெண்கள் புறப்பட்டோம். கிளிநொச்சியில் இருந்து வந்த மூவரும் அதில் அடக்கம். வெருகல் பாலத்தைக் கடந்து வாகரை வழியே தெற்கே இறங்கி, மன்னம்பிட்டி, மகியங்கனை என்று மகாவலியைத் தொட்டும் விட்டும் செல்லும் வழி அது. மகியங்கனையில் ஆற்றைப் பார்த்ததும் "இது எங்கட ஆறுதானே!" என்று ஒரு தாய் வானில் எழுந்து நின்றுவிட்டார். பின்னர் பதுளை, பண்டாரவளை என்று ஏறி, மாலையில் அப்புத்தளையை அடைந்தோம். குளிருக்குப் பழக்கமில்லாத எம்மவர்கள் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டார்கள்.

பீலிக்கரையில்

மறுநாள் காலை, நகரத்துக்கு அண்மையில் உள்ள ஒரு தோட்டத்தின் லயத்துக்குப் போனோம். தோட்டத்துப் பெண்கள் எங்களைப் பீலிக்கரைக்கே அழைத்துச் சென்றார்கள். மலையில் ஊறும் ஊற்றைக் குழாயாலோ தகரத்தாலோ திருப்பி விழச் செய்வதுதான் பீலி. குளிப்பது, துவைப்பது, குடிநீர் எடுப்பது எல்லாம் அங்கேதான். பிரட்டுக்குப் போகும் முன் விடியற்காலையில் அங்கே வரிசை நிற்கும்.

"மழக் காலத்துல நொரைச்சிக்கிட்டு கொட்டும். இப்ப பாருங்க, நூலு மாதிரி வருது. ஒரு கொடம் நெறைய கால் மணிநேரம் ஆவுது புள்ள" என்றார் ஒரு மூத்த பெண்மணி. எம்மவர்களுக்கு வியப்பு. மலை என்றால் தண்ணீர் கொட்டிக் கிடக்கும் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். கீழே இருப்பவர்கள் "மேலே உள்ளவர்கள் எங்கள் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று எண்ணுகிறார்கள். மேலே இருக்கும் தொழிலாளிப் பெண்ணோ குடத்தோடு கால் மணிநேரம் காத்து நிற்கிறாள்.

கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு சகோதரியின் பெற்றோர் இந்த மலைகளில் வாழ்ந்தவர்கள். 1977 வன்செயலின் பின்னர் வன்னிக்குப் போய்க் குடியேறிய ஆயிரக்கணக்கானோரில் அவர்களும் அடக்கம். தகப்பன் வேலை செய்த தோட்டத்தின் பெயரை அவர் சொன்னதும், பீலிக்கரையில் நின்ற பெண்கள் கையை நீட்டி மலை ஒன்றைக் காட்டினார்கள். அவர் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மலையில் பிறந்து வன்னியில் வாழ்ந்து போரில் மகனை இழந்த ஒரு குடும்பத்தின் கதை அது. நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மலைக்குத் தண்ணீர் இல்லாததும் துன்பம், அளவுக்கு மிஞ்சினாலும் துன்பம். அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் சொந்தமாக ஒரு துண்டு காணியும் இல்லாத மக்கள் எங்கே எழுந்து போவது? இடம்பெயர்ந்த வாழ்வை அறிந்த எம்மவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மலைக்குள் ஒரு சுரங்கம்

இனி, கேட்ட கேள்விக்கு வருவோம். தண்ணீரை மறுபக்கம் திருப்பியது உண்மைதானா?

உண்மைதான். உமா ஓயா பல்நோக்குத் திட்டத்தின் நோக்கமே அது. 2008 ஏப்ரலில் ஈரான் நாட்டின் அப்போதைய ஜனாதிபதி இலங்கை வந்தபோது அடிக்கல் நாட்டப்பட்டது. புகுல்பொலவிலும் டயரபாவிலும் இரண்டு அணைகள் கட்டி, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலையைக் குடைந்து நீரைத் தெற்கே கொண்டு செல்கிறார்கள். நிலத்துக்கு அடியில் உள்ள மின் நிலையம் 120 மெகாவாற் மின்சாரம் தரக்கூடியது. பின்னர் அந்த நீர் கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்குக்குப் போகிறது. மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வரண்ட வயல்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 145 மில்லியன் கனமீற்றர் நீர் கொடுப்பது திட்டத்தின் இலக்கு. 2024 ஏப்ரல் 24இல் ஈரான் ஜனாதிபதி ரைசி இதைத் திறந்துவைத்தார். அவர் 25 நாட்கள் கழித்து உலங்குவானூர்தி விபத்தில் இறந்தபோதும், தமது நாட்டுக்கும் அசர்பைஜானுக்கும் எல்லையாக ஓடும் அரஸ் ஆற்றில் ஓர் அணையைத் திறந்துவிட்டே திரும்பிக்கொண்டிருந்தார்.

சுரங்கம் தோண்டும்போது நடந்ததைப் பண்டாரவளைப் பகுதி மக்கள் மறக்கவில்லை. 2014 டிசம்பரில் தோண்டும் பொறி நிலத்தடி நீர் ஊற்றை உடைத்தது. நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே ஊற்றுகளும் கிணறுகளும் வற்றின. நிலம் இறங்கி ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. மரக்கறித் தோட்டங்கள் காய்ந்தன. 2017 ஜூனில் பண்டாரவளையில் மக்கள் பெருந்திரளாக வீதிக்கு இறங்கினார்கள். பரம்பரையாகத் தண்ணீர் அள்ளிய கிணறு ஒரே கிழமையில் வரண்டதை ஒரு சிங்களத் தாய் எமக்குச் சொன்னார். எங்களில் ஒருவர் அதை மொழிபெயர்த்தார். "வயிறு எரிஞ்சிருக்கும்" என்று எமது குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். அது மொழிபெயர்க்கப்படாமலே அந்தத் தாய்க்குப் புரிந்தது.

ஆனால் வெருகல் கிணறு சவராவதற்கு உமா ஓயா ஒன்றுதான் காரணமா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. மகாவலி பல கிளையாறுகளால் ஆனது. உமா ஓயா அவற்றில் ஒன்றே. 1976இல் பொல்கொல்லையில் நீர் திருப்பப்பட்டது முதல் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை, மொரகஹகந்த என்று அணைகள் வந்துவிட்டன. ஆறு தன் இயல்பில் ஓடி அரை நூற்றாண்டாகிறது. அத்தோடு கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதற்கு எமது பக்கத்திலும் காரணங்கள் உண்டு.

உப்பு எப்படி ஏறுகிறது?

கடற்கரை நிலத்தின் அடியில் மழைநீர் மேலேயும் உப்பு நீர் கீழேயும் நிற்கும். நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் மிதக்கிறது. கிணற்று மட்டம் 1 அடி நிரந்தரமாக இறங்கினால், கீழே உள்ள உப்பு நீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்று நிலத்தடி நீர் அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் பம்பி வைத்து ஓட்டோட்டென்று இறைத்த கிணறு சவராகிறது. பக்கத்தில் வாளியால் அள்ளும் கிணறு நன்றாக இருக்கிறது. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தார்கள். சில இடங்களில் அதுவே உப்பை மேலே இழுத்தது. அடுத்த மாரி மழைகளே பல கிணறுகளைத் தேற்றின.

ஆற்று முகத்திலும் இதே கதைதான். ஆறு தள்ளும் வரைக்கும் கடல் வெளியே நிற்கும். ஆற்றின் வேகம் குறைந்தால் கடல் உள்ளே ஏறும். ஆற்றுநீரைக் கடலில் விடுவது வீண் என்று பலர் சொல்வார்கள். கடலை வாசலில் நிறுத்தி வைப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

தெற்குச் சரிவில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. கிரிந்தி ஓயாவில் 1980களில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டப்பட்ட பின், வயல்களில் இருந்து வழிந்த நன்னீர் புந்தலைப் பகுதியின் எம்பிலிகல, மலால களப்புகளில் சேர்ந்தது. களப்பின் உப்பு குறைந்தது. உப்பு நீரை நம்பி வளரும் இறால் குறைந்தது. இறால் பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் தொழிலை இழந்தன. உப்பு கூடினாலும் குறைந்தாலும் அதைத் தாங்குவது ஆற்றின் கடைசியில் உள்ளவர்களே.

அயல்நாடுகள் செய்தது என்ன?

நாம் தீவில் வாழ்கிறோம். எமது ஆறு எதுவும் வேறு நாட்டுக்குள் போவதில்லை. ஆனால் பல நாடுகளுக்கு இது எல்லைப் பிரச்சினை. அன்று இரவு தங்கிய இடத்தில் தேநீரோடு இதைப் பற்றிப் பேசினோம்.

இந்தியா 1975இல் பரக்கா அணையை இயக்கிய பின், கங்கையின் வரட்சிக்கால நீர் பங்களாதேஷுக்குக் குறைந்தது. குல்னா பகுதியில் ஆற்றில் உப்பு ஏறியது. அங்கும் குடத்தோடு தூரம் நடப்பவர்கள் பெண்களே. 1996 டிசம்பர் 12இல் இரு நாடுகளும் 30 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்தன. பரக்காவில் நீர் 70,000 கனஅடி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் சரிபாதி என்பது அதன் ஒரு விதி. 2026 டிசம்பரோடு அதன் காலம் நிறைவுறும் வகையிலேயே அது எழுதப்பட்டது.

அமெரிக்காவும் மெக்சிகோவும் கொலராடோ ஆற்றைப் பகிர்கின்றன. 1944 ஒப்பந்தம் எவ்வளவு தண்ணீர் என்று சொன்னது. எப்படிப்பட்ட தண்ணீர் என்று சொல்லவில்லை. 1961இல் அமெரிக்கப் பக்கத்தில் வயல்களின் உப்பு வடிநீரை ஆற்றில் விட்டார்கள். மெக்சிகோவுக்குப் போன நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2700 மில்லிகிராம் உப்பு. 15 லீற்றர் குடம் ஒன்றுக்கு 40 கிராம், அதாவது ஒரு பிடி உப்பு. 1000 மில்லிகிராம் தாண்டினாலே குடிக்க மனம் வராது. மெஹிகாலிப் பள்ளத்தாக்கில் பயிர்கள் அழிந்தன. கமக்காரர்கள் கிளர்ந்தார்கள். 1973 ஓகஸ்டில்தான் உப்பின் அளவுக்கும் வரம்பு எழுதப்பட்டது. அந்த வரம்பைக் காப்பதற்கென்று பெரும் செலவில் யூமா என்னும் இடத்தில் உப்பகற்றும் ஆலை கட்டி 1992இல் முடித்தார்கள். அது பெரும்பாலும் ஓடாமலே நிற்கிறது.

"அளவு மட்டும் எழுதினாப் போதாது, உப்பையும் எழுதோணும்" என்று கிளிநொச்சிச் சகோதரி ஒருவர் சொன்னார்.

எங்கள் வாசலில்

அவர் அதைச் சொன்னதற்குக் காரணம் இரணைமடு. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணறுகளே கதி. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாது என்று கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். இரு பக்கமும் போரில் அடிபட்ட மக்கள். இரு பக்கமும் சொன்னதில் நியாயம் இருந்தது. மாற்றாகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்து 2024 ஓகஸ்ட் 2இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் அளவு.

ஈச்சிலம்பற்றுப் பெண்கள் வேறொன்றை நினைத்தார்கள். 2006 யூலையில் மாவிலாறு மடை மூடப்பட்டது. கீழே சிங்கள, முஸ்லிம், தமிழ்க் குடும்பங்களின் வயல்களுக்குத் தண்ணீர் நின்றது. மடையைத் திறக்கத் தொடங்கிய சண்டை மூதூர், ஈச்சிலம்பற்று, வாகரை என்று பரவியது. எம்மோடு வந்தவர்களில் பலர் அந்த வழியே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கதிரவெளி நோக்கி ஓடியவர்கள். "மடையை மூடேக்கையும் எங்களைக் கேக்கல்ல, திறக்கேக்கையும் கேக்கல்ல" என்றார் ஒருவர். மாவிலாற்று நீரும் மகாவலி நீரே. அதன் ஒரு பங்கு இந்த அப்புத்தளை மலையில் ஊறியது.

யாரைக் கேட்கிறார்கள்?

இரண்டாம் நாள் பீலிக்கரைப் பெண்களும் நாங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். தண்ணீர் பற்றித் தீர்மானிக்கும் கூட்டங்களில் எம்மில் எத்தனை பேர் இருந்திருக்கிறோம்? எங்கள் ஊர்களில் காலபோக, சிறுபோகக் கூட்டங்களில் வயல் பெயரில் உள்ளவரே பேசுவார். வயல் இறந்துபோன கணவரின் பெயரிலோ காணாமற்போனவரின் பெயரிலோ இருக்கிறது. அதனால் வயலைச் செய்யும் பெண் கூட்டத்தில் ஆள் இல்லை. தோட்டத்திலோ லயம் தோட்டத்துக்குச் சொந்தம், ஊற்றும் தோட்டத்துக்குச் சொந்தம். குடம் சுமப்பவர் கணக்கில் இல்லை. 14 பேரில் மூவர் மட்டுமே அத்தகைய கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். அதில் ஒருவரே வாய் திறந்து பேசியிருக்கிறார்.

கீழே உள்ளவர்களுக்கு மேலே உள்ளவர்கள் செய்ய வேண்டியது என்ன என்றும் பேசினோம். பீலிக்கரைச் சவர்க்காரத் தண்ணீரும், மலசலகூடக் கழிவும், மரக்கறித் தோட்டத்து மருந்தும் ஓடையில் நேரே சேராமல் பார்ப்பது முதலாவது. மேலே மழை பிடித்தால் கீழே அறிவிப்பது இரண்டாவது. கீழே உள்ளவர்கள் செய்ய வேண்டியது, மலைச் சனத்தைத் தண்ணீர்த் திருடராக எண்ணாமல் இருப்பதும், அவர்கள் காணிக்காகவும் பாதுகாப்பான வீட்டுக்காகவும் கேட்கும்போது கூட நிற்பதும். தொலைபேசி இலக்கங்களை எழுதிக்கொண்டோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. மலையில் மழை பிடித்த முதல் நாளே ஈச்சிலம்பற்றுக்கு அழைப்பு வந்தது. "ஓயாது போல இருக்கு, சாமான மேல ஏத்துங்க" என்று அந்த மூத்த பெண்மணி சொன்னார். காணி உறுதி, அடையாள அட்டை, விதைநெல் ஆகியவற்றை எமது பெண்கள் உயரமான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் தொடர்பு அறுந்தது. பதுளை மாவட்டம் எங்கும் மண்சரிவுகள் நிகழ்ந்தன, மகாவலியின் தாழ்நிலம் வெள்ளக்காடானது. லயத்தவர்கள் பாடசாலைக்குப் போய் உயிர் தப்பியிருக்கிறார்கள் என்ற செய்தி நான்கு நாள் கழித்தே எமக்கு வந்தது. அந்த நான்கு நாளும் ஈச்சிலம்பற்றில் ஒவ்வொரு மாலையும் அவர்களுக்காக விளக்கு வைத்தார்கள்.

சகோதரிகளே, உங்கள் ஊரில் அடுத்த போகக் கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். வயல் உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும், செய்கை பண்ணுபவர் நீங்கள் என்பதை எழுதிக் கொடுத்து உறுப்புரிமை கேளுங்கள். தேவையானால் கமநல உத்தியோகத்தரையும் கிராம உத்தியோகத்தரையும் சந்தியுங்கள், தனியே போகாமல் மூன்று நான்கு பேராகப் போங்கள். கரையோரத்தில் இருப்பவர்கள் கிணற்று நீர் எந்த மாதம் சவராகிறது, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். பம்பி இறைக்கும் நேரத்தைக் குறைத்து, கூரை மழையைத் தொட்டியில் பிடியுங்கள். ஈச்சிலம்பற்றில் இவ்வாண்டு ஐந்து பெண்கள் அத்தகைய கொப்பி வைத்திருக்கிறார்கள். ஒருவர் அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், எழுந்து நின்று வாசித்திருக்கிறார்.